ஒதுக்கியது

பயறு ஆராய்ச்சி நிலையத்தில் என்னை ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கேல் இல்லாமல் நான் வயலில் இறங்கியதே கிடையாது. எட்டு ரகப் பச்சைப்பயறை அடுத்தடுத்த பாத்திகளில் விதைத்து, எது உயரமாக வளர்கிறது, எது முதலில் பூக்கிறது, ஒரு கொத்தில் எத்தனை காய், ஒரு காயில் எத்தனை மணி, நூறு மணி என்ன எடை, கடைசியில் பாத்திக்கு எவ்வளவு விளைச்சல் என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் எங்கள் வேலை. "பயறுக்கெல்லாம் ரேங்க் போடறவ" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் பஸ் ஓட்டுகிறவர். நாள் பூரா ஒரே ரோட்டில் போய்ப் போய் வருகிற மனுஷனுக்கு மற்றவர்கள் வேலை எல்லாம் வேடிக்கையாகத்தான் தெரியும்.

ரகங்களுக்கு நீள நீளமாக எண்கள் உண்டு. அதெல்லாம் யார் வாயில் நுழையும்? நாங்கள் வைத்த பெயர்கள் வேறு. லேசாகக் காற்றடித்தாலே சாய்ந்துவிடுவது நெட்டை. மற்றதெல்லாம் காய் பிடித்த பிறகு சாவகாசமாகப் பூப்பது சோம்பேறி. காய் முற்றியதும் கை பட்டாலே வெடித்து மணியைத் தரையில் இறைப்பது சிடுமூஞ்சி. விளைச்சலில் எல்லாவற்றையும் முந்தியது கல்லுளிமங்கன். நடுத்தர உயரம், கொத்துக் கொத்தாய்க் காய், திரண்ட மணி. ஒரே ஒரு குறை. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்தாலும் பாதிக்கு மேல் ஊறாமல் கல்லாகவே கிடக்கும். ஊறாத பயறு எத்தனை மூட்டை விளைந்து என்ன, யார் தின்பது என்று நான் சண்டை போட்டேன். இன்னொரு போகம் விதைத்துப் பார்க்கலாம் என்று மேடம் சொல்லிவிட்டார்.

மேடம் என்றால் எங்கள் புது அதிகாரி. என்னைவிடச் சின்னவர். வேறு நிலையத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மூளைக்காரி, அதில் சந்தேகமே இல்லை. நாங்கள் செல்லப்பெயர் சொல்லிச் சொல்லிப் பயறிடம் ஓரவஞ்சனை காட்டுகிறோம் என்று, அறுவடை முடிந்ததும் எல்லாப் பைகளிலும் புது எண் போட்டுவிட்டார். எந்த எண் எந்த ரகம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்குப் பார்த்தால் எல்லாமே பச்சை, எல்லாமே உருண்டை.

அன்று மத்தியானம் ஆகப்போகிற நேரத்தில் எடை போடும் அறையில் நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேடம் கதவருகே வந்து நின்றார்.

"அக்கா, கடைசி அலமாரில ஒரு சின்னத் துணிப்பை வெச்சிருந்தேன். பாத்தீங்களா?"

"ஒதுக்கியதுன்னு சீட்டு கட்டியிருந்ததே, அதுவா?"

"அதேதான்."

"அது எங்க வீட்டுக்குப் போயாச்சு மேடம்," என்றேன் சிரித்துக்கொண்டே. "நேத்து சாயங்காலம் நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

இதில் ஒளித்துப் பேச என்ன இருக்கிறது? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து கடைசி அலமாரி என்றால் கழித்துக்கட்டிய பயறு வைக்கிற இடம். ஒப்பீட்டில் தேறாத ரகத்தின் மிச்சத்தைப் பையில் போட்டு, "ஒதுக்கியது" என்று சீட்டு கட்டி வைப்பார்கள். வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மேலதிகாரிகளே எடுத்துப் போயிருக்கிறார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுப்பதை நான் பார்த்தேன்.

"ஒதுக்கியதுன்னா, அடுத்த போகத்துக்குன்னு ஒதுக்கி வெச்சது அக்கா. விதைக்கு. எங்க பழைய நிலையத்துல அப்படித்தான் எழுதுவோம். அதுல மருந்து கலந்திருக்கு."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. மருந்து கலந்த விதை என்றால் ரோஸ் நிறத்தில் இருக்கும். சாயம் போடுவதே அதற்குத்தான். சின்னக் குழந்தைகூட அதை வாயில் வைக்காது. நான் எடுத்துப் போனது பச்சைப் பசேலென்று இருந்தது.

"சாயமே இல்லியே மேடம்?"

"விதைக்கறதுக்கு முன்னாடி மணியோட நிறத்துக்கும் பளபளப்புக்கும் மறுபடி மார்க் போடணும்ல? சாயம் போட்டா எதைப் பாத்து மார்க் போடறது? அதான் வெறும் மருந்து மட்டும் போதும்னு சொன்னேன்." மேடத்தின் குரல் தேய்ந்தது. "அதை யாரும் சாப்பிடலையே?"

வீட்டில் என் நாத்தனார் இருக்கிறாள். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. ஏழாவது மாதம். போன தடவை நான்காம் மாதமே கலைந்து, அதிலிருந்து அவள் எழுந்து உட்காரவே நாளாயிற்று. இந்தத் தடவை டாக்டர் ஓய்வில் இருக்கச் சொன்னதால், வேலை நிமித்தம் வெளியூர் வெளியூராகச் சுற்றுகிற அவள் புருஷன் எங்கள் வீட்டில் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போயிருந்தான். முளைகட்டிய பயறு சாப்பிடு என்றும் அந்த டாக்டர்தான் சொல்லியிருந்தார். பையை நானே என் கையால் அவளிடம் கொடுத்தேன். "எங்க நிலையத்துப் பயறு, கடையில இந்த மாதிரி கிடைக்காது" என்று பெருமை வேறு பேசினேன். இரவே அவள் கழுவி ஊறப் போட்டாள். காலையில் நான் கிளம்பும்போது அடுப்பு மேடையில் பாத்திரத்தின் மேல் ஈரத்துணி மூடியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அவளுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு மத்தியான ஷிப்ட், அவர் கிளம்பியிருப்பார். வண்டி ஓட்டும்போது அவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவார்.

"அவ உண்டாயிருக்கா மேடம்," என்றேன்.

மேடம் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். மருந்து வந்த காலி உறையையும் குப்பைத்தொட்டியிலிருந்து பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். டாக்டருக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்றார்.

வழியெல்லாம் எனக்குப் பயமும் கோபமும் மாறி மாறி வந்தன. சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்தபடியே கேட்டேன்.

"ஒதுக்கி வெச்சதுன்னு முழுசா எழுதியிருக்கக் கூடாதா மேடம்? இன்னும் ரெண்டெழுத்து எழுதினா கை வலிச்சுடுமா?"

"எழுதியிருக்கணும் அக்கா."

"மருந்துன்னாவது போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கணும்."

எதிர்த்துப் பேசியிருந்தால் சண்டை போட்டாவது மனசை ஆற்றியிருப்பேன். அவர் ஒத்துக்கொண்டதில் என் கோபத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போய், பயம் மட்டும் மிஞ்சியது. "உறையில என்ன போட்டிருக்கு மேடம்?" என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். பச்சை விளக்கு எரிந்து வண்டி நகர்ந்த பிறகு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"கர்ப்பிணிங்க கையால தொடவே கூடாதுன்னு போட்டிருக்கு."

அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஓடி ஏறிக் கதவைத் தட்டினேன். உள்ளே சத்தமே இல்லை. என்னிடம் சாவி இருக்கிறது என்பதே மறந்துபோய், உள்ளங்கை சிவக்கிற வரை தட்டினேன். மேடம்தான் என் பையைப் பிடுங்கிச் சாவியைத் தேடினார். எடுத்துப் பூட்டுத் துளையில் நுழைக்கப் போனார். அதற்குள் தாழ்ப்பாள் விலகியது. கலைந்த தலையும் கன்னத்தில் தலையணைக் கோடுமாக என் நாத்தனார் நின்றாள்.

"என்ன அண்ணி, பேயைப் பாத்த மாதிரி நிக்கறீங்க?"

அவளை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டேன். சுடவில்லை.

"பயறு சாப்பிட்டியா?"

"எந்தப் பயறு?"

"நேத்து குடுத்தேனே, அது. சாப்பிட்டியா, இல்லியா?"

"இல்ல அண்ணி, ஒரு வாய்கூடச் சாப்பிடல. ஏன் இப்படிக் கத்தறீங்க?"

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு உலகத்தில் யார் மேலும் கோபம் இல்லை.

"எங்க முளைச்சுது உங்க பயறு?" என்று அவளே சிரித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "காலைல துணியை எடுத்துப் பாத்தா எல்லாம் கல்லு கல்லா கிடக்கு. கடிச்சா பல்லு போயிடும். நிலையத்துப் பயறுன்னு என்ன பீத்தல்!"

கல்லுளிமங்கன். அதுதானா என்று மேடத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். தூக்கி எறியச் சொல்லி நான் சண்டை போட்ட ரகம், இன்று ஊறாமல் கிடந்து பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது. இனி அதைத் திட்டவே கூடாது என்று மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"சரி, அதெல்லாம் இப்ப எங்க?" என்று கேட்டார் மேடம்.

அடுப்பு மேடையில் பாத்திரம் இல்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் பக்கத்தில் மிக்ஸி ஜாரும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"வீணாக்குவானேன்னு வறுத்துப் பொடிச்சுட்டேன். கல்லானாலும் மிக்ஸிக்கு அடங்கித்தானே ஆகணும்? கெட்டியா கூழா கிண்டி அண்ணன் டப்பால போட்டுக் குடுத்துட்டேன். அப்பவே கிளம்பிப் போயிட்டாங்க. நான் அசதியா இருக்குன்னு படுத்துட்டேன்."

இவள் இல்லை என்றால் அவர். பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர். மேடம் அவளிடம் விஷயத்தை இரண்டு வரியில் சொல்லி, பாத்திரத்தைத் தொடாதே, கையை நன்றாக சோப்புப் போட்டுக் கழுவு, எங்கேயும் போகாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதற்குள் மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தேன். மேலேயிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் போய் ஆறுதல் சொல்ல நேரமில்லை.

டெப்போவுக்குப் போன் போட்டேன். டைம் கீப்பர் எடுத்தார். "உங்க வீட்டுக்காரர் வண்டியா? முதல் ட்ரிப் எடுத்தாச்சே. திரும்பி வந்துதான் சாப்பாடு" என்றார். எடுத்ததும் தின்ன மாட்டார் என்று கொஞ்சம் தெம்பு வந்தது. அடுத்த நொடியே அது போய்விட்டது. அவர் பசி தாங்காத மனுஷன். சிக்னலில் நின்றால் டப்பாவைத் திறந்து ஒரு விரல் நக்கிப் பார்க்கிறவர். கண்டக்டருக்குச் சொல்லுங்கள், அந்த டப்பாவைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். டைம் கீப்பர் நான் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பேசுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "சாப்பாட்டு விஷயத்தை வீட்ல பேசித் தீத்துக்கங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

நாங்கள் பஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. புகையும் டீசல் நாற்றமும் கூட்டமுமாக இருந்தது. எல்லா வண்டியும் ஒரே நிறம். நான் ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் போய் எம்பி எம்பி டிரைவர் சீட்டைப் பார்த்தேன். ஒரு சீட்டில் தலை ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்தது. கதவைப் பிடித்து ஏறிப் பார்த்தால் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவரைத் தண்ணீர்க் குழாயடியில் கண்டுபிடித்தேன். கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, சாப்பிட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்லியே. இப்பதான் கை கழுவறேன். நீ எங்க இங்க? இவங்க யாரு?"

டப்பா பக்கத்துத் திண்டில் இருந்தது. பிடுங்கித் திறந்தேன். கூழ் தொட்ட அடையாளமே இல்லாமல் சமமாக, லேசாகப் பச்சை பாரித்துக் கிடந்தது. மூடி, ஒரு பாலிதீன் பையில் போட்டு முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டேன். நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். மேடம் நடந்ததைச் சொன்னார். தவறு தன்னுடையது என்றும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பெருமூச்சு விட்டு, என்னைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து வழக்கம்போல வாயைத் திறந்தார்.

"இன்னிக்கு எனக்கு டப்பா கிடைச்சதே பெரிசு. உன் நாத்தனார் உப்பு பாக்கறேன், உப்பு பாக்கறேன்னு பாதிப் பாத்திரத்தைக் காலி பண்ணிட்டா. நான் ஷூ மாட்டற நேரத்துக்குள்ள மூணு கரண்டி. உப்பு பத்தலை, உப்பு கூடிப்போச்சு, தண்ணி ஊத்தினேன், மறுபடி பத்தலைன்னு..."

அவர் பேச்சு பாதியில் நின்றது. எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

உப்பு பார்ப்பதைச் சாப்பிட்டதாக யார் கணக்கில் எடுப்பார்கள்? நான் எடுத்ததில்லை. சமைக்கிற எவளும் எடுத்ததில்லை. ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று அவள் சொன்னது பொய்யே இல்லை. அசதியாக இருக்கிறது, படுத்துவிட்டேன் என்று அவள் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கன்னத்தில் தலையணைக் கோட்டைப் பார்த்துவிட்டு அவளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பஸ்ஸை வேறு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு ஆட்டோவைப் பிடித்தார். வீட்டுக்குப் போனபோது அவள் கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். வாந்தி எடுத்திருந்தாள். அழுததில் வந்த வாந்தியா, மருந்தால் வந்ததா என்று யாருக்குத் தெரியும்?

"அண்ணி, நான் உப்பு பாத்தேன்," என்றாள். "நீங்க போனப்புறம்தான் ஞாபகம் வந்துது. எத்தனை தடவை போன் பண்ணினேன், நீங்க எடுக்கவே இல்லை."

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. லேடி டாக்டர் மருந்து உறையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். எவ்வளவு என்று கேட்டார். மூன்று கரண்டி என்றேன். எந்தக் கரண்டி என்று கேட்டார். என்ன கரண்டி என்று என்னால் சொல்ல முடியவில்லை. காலமெல்லாம் நூறு மணிக்கு எடை சொன்னவள், ஒரு கரண்டிக்கு அளவு தெரியாமல் கையைக் குவித்துக் காட்டினேன்.

"ராத்திரி முழுக்க ஊற வெச்ச தண்ணியைக் கொட்டிட்டாங்களா?"

"கொட்டிட்டு நாலு தடவை கழுவினேன் டாக்டர்," என்றாள் அவள் ஈனக் குரலில்.

"பயறு ஊறலைன்னும் சொல்றீங்க. அப்ப மருந்து உள்ள இறங்கியிருக்காது, பெரும்பாலும் தண்ணியோடவே போயிருக்கணும். ஆனா நான் எதையும் இப்ப நிச்சயமாச் சொல்ல மாட்டேன். இங்கயே இருக்கட்டும், பாத்துட்டே இருப்போம்."

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்து, அவள் வயிற்றில் பட்டை கட்டி, ஒரு மெஷினை ஓட விட்டார்கள். முதலில் வெறும் இரைச்சல். நர்ஸ் பட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். இரைச்சல் மட்டும்தான் வந்தது. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மேடம் என் கையைப் பிடித்திருந்தாரா, நான் அவர் கையைப் பிடித்திருந்தேனா தெரியாது. பிறகு அந்த இரைச்சலுக்கு அடியில் டக் டக் என்று வேகமாக ஒரு சத்தம் கிளம்பியது.

"இதுதாம்மா குழந்தை," என்றாள் நர்ஸ். "ஆனா துடிப்பு குறையுதா, கூடுதான்னு பாத்துட்டே இருக்கணும்."

பிறகு அவள் மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து கட்டில் கம்பியில் கயிற்றால் கட்டினாள். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ஒதுக்கியது.

"சிஸ்டர், என்ன இது?" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"பயப்படாதீங்கம்மா. இந்தக் கட்டிலை உங்களுக்குன்னு ஒதுக்கிட்டோம். வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்."

நல்ல அர்த்தம்தான். மேடம் எழுதியதும் இதே நல்ல அர்த்தம்தான். ஆனால் என் கண்ணுக்கு அது இருபது வருஷமாகப் படித்த அர்த்தத்தில்தான் தெரிந்தது. தேறாதது. கழித்துக்கட்டியது. கடைசி அலமாரி. அதன் கீழே கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிற பெண்ணையும், மேடிட்ட அந்த வயிற்றையும் பார்த்தேன். நான் எழுந்திருப்பதற்குள் மேடம் எழுந்து போய் அட்டையை அவிழ்த்து, இரண்டாகக் கிழித்துத் தன் கைப்பையில் திணித்துக்கொண்டார்.

"என்னங்க இது, ஆஸ்பத்திரி அட்டையைக் கிழிக்கறீங்க?" என்று நர்ஸ் சண்டைக்கு வந்தாள்.

"வேற அட்டை எழுதுங்க சிஸ்டர்," என்றேன் நான். "அவ பேரை எழுதிக் கட்டுங்க. அவ இங்கதான் இருக்கான்னு எழுதுங்க. எது வேணா எழுதுங்க, இது மட்டும் வேண்டாம்."

நர்ஸ் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். என் நாத்தனார் கண்ணைத் திறந்து, "அண்ணி, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். ஸ்டூலை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தத் துடிப்பை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.